திருச்சி சாலைகளில் கதிரியக்கப் பொதிகள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் அரியமங்கலம், காட்டூர் தாண்டினால் திருவெறும்பூர் வரும். அதையடுத்து, ஊர்க்காரர்கள் இன்றும் ‘பாய்லர் பிளாண்ட்’ என்றே சொல்லும் பெல் நிறுவனத்தின் தொழிற்சாலை. அதற்கும் அப்பால் துவாக்குடி தொழிற்பேட்டை. இந்தச் சாலையில் தகடும் குழாயும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் காண வருபவர் கவனிக்க வாய்ப்பில்லாத இன்னொரு சரக்கும் இதே வழியில் பல பத்தாண்டுகளாகப் போய் வருகிறது. ஒரு ஆள் கையில் தூக்கக்கூடிய உலோகப் பெட்டி அது. அதன் மேல் மஞ்சள் நிறத்தில், மூன்று இதழ் கொண்ட கதிரியக்கச் சின்னத்துடன் ஒரு வில்லை ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது மிளகை விடச் சிறிய இரிடியம் துண்டு.

இந்தச் சிறு துண்டு ஏன் திருச்சிக்கு வர வேண்டும், அதைச் சாலையில் கொண்டு செல்ல உலகம் என்னென்ன விதிகளைச் செய்துகொண்டது, அவ்விதிகள் எந்த இடத்தில் வலுவாகவும் எந்த இடத்தில் மெலிந்தும் இருக்கின்றன என்பதைப் பார்ப்போம்.

கொதிகலனும் இரிடியமும்

அனல் மின் நிலையக் கொதிகலன் என்பது பெரும்பாலும் குழாய்களால் ஆனது. அவற்றை இணைப்பவை ஆயிரக்கணக்கான பற்றவைப்புகள். ஒரே ஒரு பற்றவைப்பில் காற்றுக்குமிழோ வெடிப்போ மறைந்திருந்தாலும், உயர் அழுத்த நீராவி ஒருநாள் அந்த இடத்தைத் தேடிப் பிடித்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கொதிகலன் வெடித்து மாண்டவர்கள் ஏராளம். இந்தியாவிலும் 1923ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டமும், பின்னர் 1950ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளும் வந்தன. பற்றவைப்பை உடைக்காமலே அதன் உட்புறத்தைப் படமெடுத்துக் காட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அன்றாட நிபந்தனையாகிவிட்டது.

1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியுடன் திருவெறும்பூரில் உயர் அழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை எழுந்தது. 1975இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் துணையுடன் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனமும் அதே வளாகத்தில் தொடங்கப்பட்டது. பெல்லைச் சுற்றித் துவாக்குடியிலும் பிற இடங்களிலும் துணைத் தொழிற்கூடங்கள் பெருகின. அங்கே செய்யப்படும் இணைப்புகளையும் படமெடுக்க வேண்டும். இதற்கு எக்ஸ்-கதிர் இயந்திரம் உண்டு. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், குளிர்விக்க வேண்டும், குழாய்களுக்கு இடையிலான சந்தில் அதை நுழைக்க முடியாது. காமா கதிர்களைத் தானாகவே வெளியிடும் இரிடியம்-192 போன்ற கதிர்மூலத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. மிகத் தடித்த எஃகுக்குக் கோபால்ட்-60 பயன்படும். இணைப்பின் ஒரு பக்கம் படச்சுருளை வைத்து, மறுபக்கம் கதிர்மூலத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தினால் போதும். உள்ளே இருக்கும் குறை படத்தில் கறுப்பாகத் தெரிந்துவிடும். மற்றத் தொழிலாளர்கள் போன பிறகு, பெரும்பாலும் இரவில், கயிறு கட்டி ஆள் வராமல் தடுத்து இந்த வேலை நடக்கும்.

இந்தத் துண்டின் வலிமையை ஒரு கணக்கால் அறியலாம். புதிதாக வரும் ஒரு கதிர்மூலம் 50 கியூரி, அதாவது 1.85 டெராபெக்கரல் என்று வைத்துக்கொள்வோம். கவசம் இல்லாமல் அதிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு மணிக்கு ஏறத்தாழ 240 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு விழும். பொதுமக்களில் ஒருவருக்கு ஓராண்டு முழுவதற்கும் விதிக்கப்பட்ட வரம்பு 1 மில்லிசீவர்ட். அந்த அளவை அவர் பதினைந்து விநாடிகளில் வாங்கிவிடுவார். கையில் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் தோலும் தசையும் அழுகும். கால் போகும், உயிரும் போகலாம்.

இரிடியம்-192க்கு இன்னொரு குணம் உண்டு. அதன் அரை ஆயுள் சுமார் 74 நாட்கள். 50 கியூரி இரண்டரை மாதத்தில் 25 ஆகும், ஐந்து மாதத்தில் பன்னிரண்டரை ஆகும், ஓராண்டு முடியும்போது ஒன்றரைக்குச் சற்று மேல் நிற்கும். படமெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரமோ அதற்கேற்பப் பெருகிக்கொண்டே போகும். ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை பழைய துண்டை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தியாக வேண்டும். இந்தியாவில் இரிடியம் அணு உலையில் கதிரூட்டப்படுவது மும்பை டிராம்பேயில். அதைக் கருவியில் ஏற்றி அனுப்புவது நவி மும்பை வாஷியில் உள்ள பிரிட் என்னும் கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம். வாஷியிலிருந்து புனே, ஹூப்ளி, பெங்களூரு, சேலம், நாமக்கல் வழியாகத் திருச்சிக்குச் சாலைத் தொலைவு சுமார் 1300 கிலோமீட்டர். இரிடியத்தின் இந்தக் குறுகிய ஆயுள்தான் அதை ஓயாத பயணியாக்கியது. கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள் என்பதால், புற்றுநோய் மருத்துவமனைகளுக்கு அது எப்போதாவது ஒருமுறைதான் பயணம் செய்யும்.

படச்சுருளைக் காக்க வந்த முதல் விதி

கதிரியக்கம் கண்டறியப்பட்ட காலத்தில் அதைக் கொண்டு செல்ல விதி என்று எதுவுமில்லை. 1896இல் கதிரியக்கத்தைக் கண்ட ஆன்றி பெக்கரல், 1901இல் ரேடியம் அடைத்த சிறு குழாயைத் தம் மேற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பயணம் செய்தார். சில நாட்களில் அந்த இடத்தில் தோல் வெந்து புண்ணாயிற்று. 1921இல் அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டி வாங்கிய ஒரு கிராம் ரேடியத்தை அதிபர் ஹார்டிங் வெள்ளை மாளிகையில் மேரி கியூரிக்கு அளித்தார். இருபது ஆண்டுகளுக்குள் சட்டைப்பை போய்க் கனத்த ஈயப் பெட்டி வந்திருந்தது. அப்போதும் அது அறிந்தவர்களின் முன்னெச்சரிக்கைதான். சட்டம் எதுவும் கேட்டதில்லை.

தெரியாமலே கதிரியக்கப் பொருளை ஏற்றுமதி செய்த பெருமை நம் பக்கத்துக்கும் உண்டு. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்த ஷோம்பர்க் என்ற வேதியியலாளர், 1909இல் அதில் தோரியம் கொண்ட மோனசைட் இருப்பதைக் கண்டார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை தோன்றியது அதன் விளைவு. அந்த மணலின் கதிரியக்கம் மிகக் குறைவு என்பதால் நார் மூட்டை சுமந்தவர்களுக்கு அதனால் எதுவும் நேர்ந்திருக்காது.

சாலையிலும் ரயிலிலும் செல்லும் கதிரியக்கப் பொதிக்கு முதலில் கட்டுப்பாடு கேட்டவர்கள் மருத்துவர்கள் அல்லர். புகைப்படச் சுருள் தயாரித்தவர்கள். அமெரிக்காவில் 1930களில் ரேடியம் பொதிகள் சாதாரண அஞ்சலில் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து மூட்டையில் இருந்த, இன்னும் பயன்படுத்தாத படச்சுருள்கள் மூடுபனி படர்ந்ததுபோல் கெட்டுப்போயின. நிறுவனங்கள் முறையிட்டன, அஞ்சல் துறை தடை விதித்தது. 1940களில் ராப்லி எவன்ஸ் என்ற இயற்பியலாளரின் தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்து வரம்புகளை வகுத்தபோதும், படச்சுருள் கெடாமல் இருக்க எவ்வளவு தொலைவு, எவ்வளவு நேரம் என்ற கணக்கு அதில் முக்கிய இடம் பெற்றது. பொதியிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் அளக்கும் பழக்கத்தின் வேர் அந்தக் காலத்தில் இருக்கிறது. படச்சுருளைக் கதிரிடமிருந்து காக்கப் பிறந்த விதியின் கீழ், படச்சுருளைக் கறுக்க வைப்பதற்காகவே ஒரு கதிர்மூலம் திருவெறும்பூருக்கு வருகிறது என்பது இந்த வரலாற்றின் வேடிக்கை.

போருக்குப் பின் அணு உலைகள் செயற்கை ஐசோடோப்புகளை மலிவாகத் தரத் தொடங்கின. கனடாவின் கோபால்ட் மருத்துவக் கருவிகள் நாடு நாடாகப் போயின. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும் 1950களில் ஒன்று வந்தது. எல்லை தாண்டும் சரக்குக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதி வைத்திருந்தால் வேலை நடக்காது. 1957இல் பன்னாட்டு அணுசக்தி முகமை அமைந்தது. 1961இல் அதன் முதல் போக்குவரத்து ஒழுங்குமுறைகள் வெளிவந்தன. பலமுறை திருத்தப்பட்டு, 2018ஆம் ஆண்டுப் பதிப்பு வரை வளர்ந்துள்ள அந்த நூல்தான் இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகளின் விதிகளுக்குத் தாய்.

பெட்டியை நம்புதல்

அந்த ஒழுங்குமுறைகளின் அடிப்படை எண்ணம் எளிது. ஓட்டுநர் தூங்கிவிடலாம், பிரேக் பிடிக்காமல் போகலாம், மழை பெய்யலாம், தீப்பிடிக்கலாம். இவற்றையெல்லாம் தடுத்துவிட முடியும் என்று நம்பாமல், இவை நடந்தாலும் தாங்கும்படி பொதியைச் செய்துவிடு என்கிறது விதி. உள்ளே இருக்கும் பொருளின் ஆபத்து கூடக் கூடப் பொதியின் வலுவும் கூட வேண்டும்.

புகை உணரும் கருவி போன்ற மிகச் சிறு அளவுக்கு ‘விலக்களிக்கப்பட்ட பொதி’ போதும். அடுத்தது ‘ஏ’ வகை. வழக்கமான போக்குவரத்தில் நேரும் சிறு முரட்டுத்தனங்களை அது தாங்க வேண்டும்: நீர் தெளிப்பு, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுதல், மேலே அடுக்கும் பாரம், 6 கிலோ எடையுள்ள கம்பி ஒரு மீட்டரிலிருந்து குத்துதல். மருத்துவமனைகளுக்குப் போகும் ஐசோடோப்புகளில் பெரும்பகுதி இந்த வகைப் பொதியில்தான் செல்கிறது. ‘பி’ வகை கடுமையான விபத்துக்கானது. அதை 9 மீட்டர் உயரத்திலிருந்து, சற்றும் விட்டுக்கொடுக்காத தளத்தின் மேல் போடுவார்கள். பிறகு ஒரு மீட்டரிலிருந்து 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டின் மேல் விழ வைப்பார்கள். அதே பொதியை 800 டிகிரி செல்சியஸ் தீயில் 30 நிமிடம் வைப்பார்கள். 15 மீட்டர் ஆழ நீரில் எட்டு மணி நேரம் மூழ்க வைக்கும் சோதனையும் உண்டு.

ஒன்பது மீட்டரிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் லாரியே அதைவிட வேகமாகப் போகிறதே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விடை, விழும் தளத்தில் இருக்கிறது. எஃகுத் தகடு பொதித்த பெரும் கான்கிரீட் தளம் கொஞ்சமும் நெளியாது. மோதலின் ஆற்றல் முழுவதையும் பெட்டியே ஏற்றாக வேண்டும். சாலையில் நடக்கும் மோதலில் லாரி நசுங்கும், எதிரே வரும் வண்டி நசுங்கும், மண் குழியும். பெட்டிக்கு மிஞ்சுவது அதில் ஒரு பகுதிதான். இதை மக்களுக்குக் காட்டவே பிரிட்டனில் 1984 ஜூலை 17 அன்று, எரிபொருள் கலம் ஒன்றைத் தண்டவாளத்தில் வைத்து, மணிக்கு 100 மைல் வேகத்தில் ஆளில்லா ரயிலை அதன் மேல் மோதவிட்டார்கள். எஞ்சின் சிதறியது; கலம் நின்றது.

எது ‘ஏ’, எது ‘பி’ என்று பிரிக்க ஒவ்வொரு ஐசோடோப்புக்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். உடையாத உறைக்குள் அடைத்த இரிடியம்-192க்கு அந்த எல்லை 1 டெராபெக்கரல். நாம் மேலே எடுத்துக்கொண்ட 50 கியூரித் துண்டு 1.85. ஆகவே அது ‘பி’ வகைப் பொதியில்தான் பயணம் செய்ய முடியும். தொழிற்கூடத்தில் படமெடுக்கும் ‘கேமரா’வையே அந்தத் தரத்துக்குச் செய்துவிடுவது நடைமுறை. அதற்குள் கவசமாக இருப்பது பெரும்பாலும் ஈயம் அன்று. பிளவுறும் பகுதி நீக்கப்பட்ட, வலுக்குறைந்த யுரேனியம். ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் யுரேனியத்தின் அடர்த்தி 19. அதே கவசத்தைச் சிறிய உருவில் தந்துவிடும் என்பதால் ஏறத்தாழ இருபது கிலோ எடையில் கையில் தூக்கும் பெட்டி சாத்தியமானது. பிரிட் உருவாக்கிய ‘ரோலி’ வரிசைக் கருவிகள் இந்திய ரேடியோகிராபர்களுக்கு நெடுநாள் பழக்கமானவை.

பெட்டியின் மேலுள்ள வில்லையையும் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. மூவிதழ்ச் சின்னம் 1946இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் வரையப்பட்டது. வில்லைகள் மூன்று: வெள்ளை ஒன்று, மஞ்சள் இரண்டு, மஞ்சள் மூன்று. வெள்ளை என்றால் பெட்டியின் மேற்பரப்பில் மணிக்கு 0.005 மில்லிசீவர்ட்டுக்கு மேல் இல்லை. இரண்டாவதில் 0.5 வரை, மூன்றாவதில் 2 வரை. மஞ்சள் வில்லைகளில் ‘போக்குவரத்து எண்’ ஒன்றும் எழுதியிருக்கும். ஒரு மீட்டர் தொலைவில் மணிக்கு எத்தனை மில்லிசீவர்ட் என்று அளந்து அதை நூறால் பெருக்கினால் கிடைப்பது அது. எண் 0.8 என்றால் ஒரு மீட்டரில் மணிக்கு 0.008 மில்லிசீவர்ட். ஓட்டுநர் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது நான்கில் ஒரு பங்காகி 0.002 ஆகும். வாஷியிலிருந்து திருச்சி வரை முப்பது மணி நேரம் ஓட்டினாலும் அவருக்குச் சேர்வது 0.06 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் உலகில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கவசமில்லாத துண்டுக்கும் பெட்டிக்குள் இருக்கும் துண்டுக்கும் உள்ள வேறுபாடு முப்பதாயிரம் மடங்கு. அந்த முப்பதாயிரத்தையும் தாங்கி நிற்பது ஒரு பூட்டும் சில சென்டிமீட்டர் உலோகமும்.

இந்தியச் சாலையில்

இந்தியாவில் ஐசோடோப்பு உற்பத்தி, 1956இல் இயங்கத் தொடங்கிய அப்சரா உலையிலும் 1960இல் வந்த சைரஸ் உலையிலும் வேரூன்றி, 1985இல் துருவா உலையால் விரிந்தது. சட்டம் அதன் பின்னால் மெல்ல வந்தது. 1962இல் அணுசக்திச் சட்டம், 1971இல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள், 1983 நவம்பர் 15 அன்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். வாரியம் தோன்றி மூன்றாண்டுக்குள், 1986இல், கதிரியக்கப் பொருள் போக்குவரத்துக்கான பாதுகாப்பு நெறிமுறை வெளியானது. 1971 விதிகளின் இடத்தில் 2004இல் புதியவை வந்தன. போக்குவரத்து நெறிமுறை 2016இல் புதுப்பிக்கப்பட்டது.

இதன்படி ‘பி’ வகைப் பொதியின் வடிவமைப்புக்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். கதிர்மூலத்தை வாங்க, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்ல, திருப்பி அனுப்ப என ஒவ்வொன்றுக்கும் அனுமதி உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள் தனியாக ஒரு பாரம் ஏற்றுகின்றன. அவை கதிரியக்கப் பொருளை அபாயச் சரக்குகளில் ஏழாம் வகுப்பாக வைக்கின்றன. அனுப்புபவர், வண்டி உரிமையாளர், ஓட்டுநர் மூவருக்கும் தனித்தனிப் பொறுப்பு சொல்கின்றன. இத்தகைய சரக்கை ஓட்டுபவர் மூன்று நாள் பயிற்சி பெற்று உரிமத்தில் அதைப் பதிய வேண்டும். வண்டியில் ‘ட்ரெம் கார்டு’ என்னும் அவசரகால அட்டை இருக்க வேண்டும்: உள்ளே இருப்பது என்ன, விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியது என்ன, யாரைக் கூப்பிட வேண்டும் என்று அது சொல்லும். சரக்கு ஏற்றிய வண்டியின் வெளிப்பரப்பில் மணிக்கு 2 மில்லிசீவர்ட்டும், இரண்டு மீட்டர் தள்ளி 0.1 மில்லிசீவர்ட்டும் மேல்வரம்பு. ரேடியோகிராபிக் கருவியைப் பயணிகள் பேருந்திலோ ரயில் பெட்டியிலோ ஆட்டோவிலோ கொண்டு போகக் கூடாது.

கடைசி வாக்கியம் எவருக்கும் தெரிந்த சங்கதி போலத் தோன்றலாம். அதை எழுதி வைக்க வேண்டி வந்தது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். வாஷியிலிருந்து திருச்சி வரையிலான நீண்ட பயணத்தில் அரசு நிறுவனம், தாள்கள், பயிற்சி பெற்ற ஓட்டுநர் எல்லாம் உண்டு. திருச்சி வந்தபின், ஒரு சிறிய ரேடியோகிராபி நிறுவனத்தின் கிடங்கிலிருந்து துவாக்குடியில் ஒரு கூடத்துக்கும், மறுநாள் அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலைக்கும், அடுத்த வாரம் கடலோரத்தில் கட்டப்படும் மின் நிலையத்துக்கும் அதே பெட்டி அலையும். தூரம் குறைவு, தடவை அதிகம். இரவு வேலை முடித்த இரண்டு இளைஞர்கள், விடிவதற்குள் ஊர் திரும்ப வேண்டும் என்ற அவசரம், பின்னால் ஒரு ஜீப். விதிகளின் எடை முழுவதும் வந்து இறங்குவது அந்த ஜீப்பில்தான்.

உடையாத பெட்டி, தொலைந்த துண்டு

உலகில் நடந்த சம்பவங்களை அடுக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. மோதலில் ‘பி’ வகைப் பெட்டி உடைந்து மக்கள் மாண்ட கதையைத் தேடினால் கிடைக்காது. கிடைப்பவை எல்லாம் வேறு மாதிரிக் கதைகள்.

1983 டிசம்பரில் மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸ் நகரில், ஒரு மருத்துவமனைக் கிடங்கில் பல ஆண்டுகள் சும்மா கிடந்த கோபால்ட் கருவியைப் பிரித்து, அதன் உலோக உருளையைச் சிறு லாரியில் போட்டுப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே ஒரு மில்லிமீட்டர் அளவில் சுமார் 6000 குருணைகள். உருளை துளைபட்டிருந்ததால் அவை லாரியிலும் வழியிலும் இரும்புக் கடை முற்றத்திலும் சிந்தின. பழைய இரும்போடு உருக்காலைக்கும் போய்க் கட்டடக் கம்பியாயின. அந்த லாரி பழுதாகித் தெருவில் வாரக்கணக்கில் நின்றது. குழந்தைகள் அதன்மேல் ஏறி விளையாடினார்கள். 1984 ஜனவரி 16 அன்று, அந்தக் கம்பியை ஏற்றிய ஒரு லாரி அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகம் அருகே வழி தவறி நுழைந்து, சாலையோரக் கதிர்வீச்சு உணரியை ஒலிக்க வைத்தது. அதுவரை யாருக்கும் தெரியாது.

அதே நாட்டில் 2013 டிசம்பர் 2 அன்று, டிஹுவானா மருத்துவமனையிலிருந்து கழிவுக் கிடங்குக்கு 111 டெராபெக்கரல் கோபால்ட் கதிர்மூலத்தை ஏற்றி வந்த லாரி, ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஓட்டுநர் நிறுத்தியிருந்தபோது திருடுபோயிற்று. திருடர்களுக்கு வேண்டியிருந்தது லாரி. இரண்டு நாள் கழித்து, உறையிலிருந்து பிரிக்கப்பட்ட கதிர்மூலம் ஒரு வயலில் கிடந்தது.

2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் நம் கதைக்கு நெருக்கமானது. ஒரு இரும்புச் சுரங்கத்தின் அளவுக்கருவியை 1400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெர்த் நகருக்கு லாரியில் அனுப்பினார்கள். ஜனவரி 12 அன்று புறப்பட்டு 16 அன்று வந்து சேர்ந்தது. 25ஆம் தேதி திறந்து பார்த்தால், 8 மில்லிமீட்டர் நீளமும் 6 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள சீசியம்-137 குளிகை இல்லை. சாலையின் அதிர்வில் கருவி ஆட்டம் கண்டு, ஒரு மரை கழன்று, அந்தத் துளை வழியே குளிகை நழுவியதாகக் கருதப்பட்டது. கதிர்வீச்சுமானி பொருத்திய வண்டிகள் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையைச் சலித்து, பிப்ரவரி 1 அன்று நியூமன் ஊருக்கு அருகே சாலையோரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி அதைக் கண்டெடுத்தன. அதன் அளவு 19 கிகாபெக்கரல். ‘ஏ’ வகையின் எல்லைக்குள் அடங்கும். அன்றைய சட்டப்படி இத்தகைய தவறுக்கு அதிகபட்ச அபராதம் 1000 டாலர் என்று தெரிந்தபோது அந்நாட்டு மக்களே சிரித்தார்கள்.

இந்தியாவின் பாடம் 2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கிடைத்தது. தில்லிப் பல்கலைக்கழகம் முன்பு கனடாவிலிருந்து வாங்கி, 1985க்குப் பின் பயன்படுத்தாமல் விட்டிருந்த காமா கருவி ஏலத்தில் போயிற்று. சாதாரணச் சரக்காக வண்டியேறிச் சந்தைக்கு வந்தது; அங்கே அதை அறுத்தார்கள். பலர் நோயுற்றனர், ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அந்தப் பயணத்துக்கு மஞ்சள் வில்லை இல்லை, ட்ரெம் கார்டு இல்லை, ஓட்டுநருக்குத் தாம் எதை ஏற்றுகிறோம் என்றே தெரியாது.

நான்கு சம்பவங்களிலும் 9 மீட்டர் சோதனையோ 800 டிகிரித் தீயோ யாரையும் காப்பாற்றியிருக்காது. பெட்டிக்குள் துண்டு இருக்கிறதா என்று புறப்படும் முன்னும் சேர்ந்த உடனும் ஒரு கருவியால் அளந்து பதிவேட்டில் எழுதுவது காப்பாற்றியிருக்கும். ஆஸ்திரேலியாவில் பெட்டி வந்த அன்றே அளந்திருந்தால் ஒன்பது நாள் மிச்சமாகியிருக்கும். இந்தியாவில் ரேடியோகிராபர்களுக்குப் பயிற்சியும், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரும் கட்டாயமாக இருப்பது இந்தக் கணக்கு வழக்குக்காகத்தான். படம் எடுத்து முடித்ததும் துண்டு பெட்டிக்குள் திரும்பிவிட்டதா என்று அளவீட்டுக் கருவியைக் கொண்டு போய்ப் பார்க்காமல் பெட்டியை வண்டியில் ஏற்றக் கூடாது என்பது முதல் பாடம். கம்பியின் நுனியிலிருந்து கழன்று, நெகிழ்குழாயிலேயே தங்கிவிட்ட துண்டுகள் உலகில் பல கைகளைத் தின்றிருக்கின்றன.

திருச்சிக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. அனல் மின் நிலைய ஆணைகள் குறைந்த ஆண்டுகளில் துணைத் தொழிற்கூடங்கள் பல நலிந்தன, சில மூடப்பட்டன. வேலை இல்லாத கருவி மூலையில் கிடக்கும். வாடகை கட்ட முடியாமல் இடம் மாறும். பொறுப்பாளர் வேறு ஊருக்குப் போய்விடுவார். இரிடியமாக இருந்தால் இரண்டாண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காக ஒடுங்கிவிடும் என்ற ஆறுதல் உண்டு. கோபால்ட்டுக்கு அந்த ஆறுதல் இல்லை. இரண்டாண்டில் அது கால் பங்குகூடக் குறைந்திருக்காது. பயன்படுத்தாத கதிர்மூலத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லும் விதியை, தொழில் நன்றாக நடக்கும்போதை விட நொடிக்கும்போதுதான் அதிகாரிகள் கண்காணிக்க வேண்டும்.

சாலையில் விபத்தைக் கண்டால்

மூவிதழ்ச் சின்னம் உள்ள வண்டி கவிழ்ந்து கிடப்பதைக் காண நேர்ந்தால், அடிபட்டவரைக் காப்பாற்றுவதே முதல் வேலை. கதிரியக்கத்துக்கு அஞ்சி உயிர் காக்கும் உதவியைத் தாமதிக்கக் கூடாது என்று பன்னாட்டு வழிகாட்டல்கள் தெளிவாகச் சொல்கின்றன. சில நிமிடம் அருகில் போய் வருவதால் பெரும் கேடு வராது. ஆளை அப்புறப்படுத்திய பின் எல்லோரும் குறைந்தது 30 மீட்டர் விலக வேண்டும். பெட்டியையோ, அருகில் கிடக்கும் பளபளப்பான உலோகத் துண்டையோ கையால் தொடக் கூடாது, எடுத்து ஓரமாக வைக்கவும் கூடாது. காவல் துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்லிவிட்டு, அங்கே உண்ணாமல், புகைக்காமல், அவர்கள் வரும்வரை கூட்டம் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும். வில்லையில் எழுதிய போக்குவரத்து எண்ணையும், பெட்டியின் மேல் நான்கு இலக்கத்தில் இருக்கும் ஐ.நா. எண்ணையும் தூரத்திலிருந்து படிக்க முடிந்தால் சொல்லலாம். 2916 என்றால் ‘பி’ வகை, 2915 என்றால் ‘ஏ’ வகை.

திரும்பும் பயணம்

ஐந்தாறு மாதத்தில் வலுவிழந்த துண்டு, வந்த வழியே வாஷிக்குத் திரும்புகிறது. போகும்போது அதன் போக்குவரத்து எண் வந்தபோது இருந்ததைவிடக் குறைந்திருக்கும். புதிதாக அளந்து புதிய வில்லை ஒட்ட வேண்டும், பழைய வில்லையோடு அனுப்புவது குற்றம். துண்டை எடுத்துவிட்ட கருவியை மட்டும் பழுது பார்க்க அனுப்பினாலும் ‘காலிப் பெட்டி’ என்று எழுதி லாரியில் போட்டுவிட முடியாது. கவசமே யுரேனியம் என்பதால், உள்ளே ஒன்றும் இல்லாத நிலையிலும் அது 2909 என்ற ஐ.நா. எண்ணின் கீழ், வலுக்குறைந்த யுரேனியத்தால் செய்த பொருள் என்ற பெயரில், விலக்களிக்கப்பட்ட பொதியாகத்தான் நாமக்கல், சேலம் வழியே வடக்கு நோக்கிப் போகிறது.